மூடாமல் வைத்த நீலப் பேசின்

அன்புள்ள கண்ணாவுக்கு அம்மா எழுதுவது,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். மூன்று பேர் என்று எழுதியிருப்பதை நீ திரும்ப ஒருமுறை படிப்பாய், தெரியும். நீ போனதிலிருந்து நான் போட்ட கடிதம் எல்லாவற்றிலும் நாலு பேரும் நலம் என்றுதான் இருக்கும், விட்டா மூட்டைக்கு ஓட்டுரிமையே வாங்கிக் கொடுத்துடுவ போலிருக்கேம்மா என்று நீயும் கிண்டல் பண்ணுவாய். எட்டு வயதில் சர்க்கரைச் சாக்கில் சுருண்டு கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, மூட்டைன்னு பேர் வெச்சாச்சு, பேர் வெச்சதைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று வாசலில் நின்று வாதாடினாயே, அந்த மூட்டை இப்போது இல்லை கண்ணா. போய் ஏழு வாரம் ஆகிறது. நீ கேட்டபோதெல்லாம் தூங்குது, வெளியே போயிருக்கு, குளிச்சுட்டு வெயில்ல காயுது என்று உன்னிடம் பொய் சொன்னேன். ஏழு வாரம் தாமதமாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், பாதியில் நிறுத்தாமல் முழுவதும் படி.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உன் காரில் கூலண்ட் துரு நிறமாகக் கலங்கியிருக்கு, குளிர்காலம் வர்றதுக்குள்ள வீட்டு வாசல்லயே வெச்சு நானே மாத்திடுவேன், அப்பா பண்றதை எத்தனை தடவை பார்த்திருக்கேன் என்றாய். அதே மூச்சில் வீட்டுக்காரம்மாவோட பூனை என் கார் அடியிலேயே குடித்தனம் பண்ணுது, அதைக் காலி பண்ண வைக்கறதுதான் பெரிய வேலை என்று சிரித்தாய். சரிப்பா ஜாக்கிரதை என்று ஒப்புக்குச் சொல்லிப் போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ அந்தப் பூனையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் இழுத்திருப்பேனோ தெரியாது.

நடந்தது இதுதான். நம் காரில் சூடு காட்டுகிற முள் கொஞ்சநாளாகவே பாதியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கைக் கேட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம்க்கா என்பார், அவருடைய அடுத்த வாரம் எந்தக் காலண்டரில் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. உன் அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு, குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. சரி, ரேடியேட்டரில் இருக்கிற பழைய கூலண்டை இறக்கிவிட்டு நானே புதியதை ஊற்றுகிறேன் என்று ஒரு ஞாயிறு காலையில் உன் பழைய டீ-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அப்பா ஜன்னலோரம் கட்டிலைத் தள்ளிப் போட்டுப் படுத்துக்கொண்டு அங்கிருந்தே ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தார். இன்ஜின் ஆறியிருக்கா கையை வெச்சுப் பாரு, மூடியைத் துணி போட்டுத் திற, அடியில இருக்கற திருகை முழுசா கழட்டிடாதே பாதி திருப்பு, அஞ்சு லிட்டர் வரணும் அளந்து பாரு என்று. நான் கெமிஸ்ட்ரி படிச்சவ, எனக்கே பாடமா, பேசாமப் படுங்க என்றேன். அவர் அப்போதுகூட நம்ம புரொபசரம்மா இன்னும் என்னைப் பெயிலாக்காம விட்டுட்டாங்களே என்று உன் தங்கையிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரேடியேட்டருக்கு அடியில் நுழைகிற உயரத்துக்கு வீட்டில் ஒரே ஒரு பேசின்தான் இருந்தது, அந்த நீலப் பேசின், வெயில் நாளில் மூட்டைக்குத் தண்ணீர் ஊற்றி வைப்போமே அது. வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிட்டு அதற்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நினைத்துக் கொண்டு அதையே உள்ளே தள்ளினேன். பதின்மூன்று வருடமாக அந்தப் பேசினில் எதை ஊற்றினாலும் அது தனக்குத்தான் என்று வளர்ந்த நாய். எனக்கு அது மட்டும் தோன்றவில்லை கண்ணா, மற்றதெல்லாம் தோன்றியது. கூலண்ட் பச்சையாக நூல் மாதிரி இறங்கி நின்றது, திருகை முடுக்கிவிட்டுப் பேசினை வெளியே இழுத்து வைத்துக் கேனையும் புனலையும் எடுக்கத் திரும்பினேன், உள்ளே போன் அடித்தது.

நீதான். இதை எழுதுவதற்குத்தான் ஏழு வாரம் ஆகியிருக்கிறது. நீ கார் வாங்கியிருப்பதைச் சொல்லக் கூப்பிட்ட நாள் அது. உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் ஈரக் கையோடு போனைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன், நாங்கள் மூன்று பேரும் கட்டிலில் போனைச் சுற்றி உட்கார்ந்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்ன நிறம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பிரேக் பிடிக்கிறதா என்று நாற்பது நிமிஷம் பேசினோம். நடுவில் நீ மூட்டை எங்கேம்மா என்று கேட்டாய். அங்கதான் கார்கிட்ட காவல் இருக்கு என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்.

வெளியே வந்தபோது அது வாலை ஆட்டிக்கொண்டு எதிரில் வந்தது. பேசினைக் கேனில் ஊற்றினேன், ஐந்து லிட்டருக்கு அரை லிட்டர் குறைந்தது, இன்ஜினுக்குள்ளேயே தங்கியிருக்கும் போல என்று அப்பாவும் சொன்னார், நானும் ஆமாம் என்றேன். பிறகு தண்ணீர் விட்டு, ஓட விட்டு, ஆற விட்டு, திறந்து விட்டு, மூன்று முறை செய்தேன், கடைசியில் கண்ணாடி மாதிரி வந்தது. புதியதை ஊற்றிக் காற்றுக் குமிழி எல்லாம் அடங்குகிற வரை பக்கத்திலேயே நின்றேன். முள் நடுவில் வந்து நின்றது, அப்பா ஜன்னலிலிருந்து கை தட்டினார். மத்தியானத்துக்கு மேல் மூட்டை காலை மாற்றி மாற்றி வைத்துத் தள்ளாடியது, ஒருமுறை வாந்தியும் எடுத்தது. அண்ணன் கார் வாங்கினதுக்கு இது பார்ட்டி கொண்டாடிட்டு வந்திருக்கு என்று அப்பா சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை, நீ பேசும்போது அதைக் கிளறாதே. மறுநாள் அது எழுந்து சாப்பிட்டது, நடந்தது, சரியாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். அன்றிரவு லேசாக முனகியது எனக்குக் கேட்டது, வயசான நாய் என்று புரண்டு படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பின்பக்கக் குழாயடியில் படுத்தது எழுந்திருக்கவில்லை. நாய் டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, வீட்டுல கார் கூலண்ட் ஏதாவது திறந்து வெச்சிருந்தீங்களா என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கிறதுக்குள், அந்த நீலப் பேசின் என்றேன் நான். குடித்த சில மணி நேரத்தில் கொண்டுவந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாமாம், நடுவில் தேறின மாதிரி தெரிவதுதான் அதன் ஏமாற்றாம், இப்போது சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டதாம். அவதிப்பட விட வேண்டாம் என்றார். ஊசி போடும்போது தலை என் மடியில்தான் இருந்தது. வலியில்லாமல் போனது என்று எழுத ஆசையாக இருக்கிறது, கடைசி அரைமணிக்கு அது உண்மை, அதற்கு முந்தைய இரண்டு நாளுக்கு இல்லை.

நான் படிக்காதவளாக இருந்திருந்தாலாவது பரவாயில்லை. கூலண்ட் என்றால் எத்திலீன் கிளைக்கால், நிறமற்றது, இனிப்புச் சுவையுடையது, நச்சுத்தன்மை கொண்டது, உறைநிலையைக் குறைக்கப் பயன்படுகிறது. நீ வயிற்றில் ஏழு மாதம் இருந்தபோது கடைசி வருடத் தேர்வில் எழுதினேன், மேஜை இடிக்கிறது என்று ஒருக்களித்து உட்கார்ந்து எழுதினேன், முழு மதிப்பெண் வாங்கின விடை அது. இனிப்பு என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு பலகையை எடுத்து மேலே வைத்திருந்தால் போதும்.

உன் போன் காரணமில்லை கண்ணா. உனக்கு அப்படித் தோன்றும், அந்த ஞாயிறைக் கணக்குப் பண்ணிப் பார்ப்பாய், நான் பெற்றவள், எனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றை மறைக்கப் போய் ஒன்பது பொய். நீ போட்டோ கேட்டபோது பழையதைத் தேடி அனுப்பினேன், அனுப்பின பிறகுதான் கவனித்தேன், கழுத்தில் சிவப்புப் பட்டை. அதை நீயே ஊருக்குப் போகிறதுக்கு முதல் நாள் கழற்றிவிட்டுப் பழுப்புத் தோல் பட்டை மாட்டினாய். நீ ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் நாலு ஞாயிறாக மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, என்னை நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே அதை விசாரிக்கிறவன். அம்மாவாகச் சொல்லட்டும் என்று நீ காத்துக்கொண்டிருக்கிறாய் என்று புரிந்தது. வயசாகிப் போயிருக்கும் என்று நினைத்திருப்பாய். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் சுகமாக இருந்துவிட்டேன். உன் தங்கைதான் போன் பக்கமே வருவதில்லை, ஏன்டி என்று கேட்டால் எனக்கு அண்ணன்கிட்ட பொய் சொல்ல வராது, நீயே சொல்லிக்கோ என்கிறாள். ஏழு வயதுக்கு இருக்கிற நியாயம் நாற்பதுக்கு இல்லை.

பின்பக்கச் சுவரோரம், குழாயடிக்குப் பக்கத்தில், எப்போதும் குளிர்ச்சிக்குப் படுக்குமே அந்த இடத்தில்தான் புதைத்தோம். அப்பா யாரையும் தொட விடவில்லை, அந்த இடுப்போடு தானே தோண்டினார், அப்புறம் நாலு நாள் கட்டிலை விட்டு எழவில்லை. நீ போனதிலிருந்து உன் சாம்பல் நிறச் சாக்ஸ் ஒன்றைக் கவ்விக்கொண்டுதானே தூங்கும், அதையும் கூடவே வைத்தாள் உன் தங்கை. இன்னொரு சாக்ஸ் உன் அலமாரியில் இருக்கிறது, நான் தொடவில்லை. கார் நன்றாக ஓடுகிறது. முள் நடுவிலேயே நிற்கிறது. ஓட்டும்போது அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

கோபம் வந்தால் கோபப்படு, இரண்டு ஞாயிறு பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தப் பூனை விஷயத்தில் மட்டும் நான் சொல்கிறபடி செய். முதலில் அதைத் தூக்கி வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துக் கதவைச் சாத்தச் சொல், அக்கம்பக்கத்துக் குழந்தைகள் யாரும் வாசலில் இருக்கக் கூடாது. இன்ஜின் நன்றாக ஆறின பிறகுதான் மூடியில் கை வை, அவசரப்பட்டால் ஆவி அடித்து முகம் வெந்துபோகும். தண்ணீர் மூன்று தடவையாவது விட்டு அலசு, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஓட விடு, இல்லாவிட்டால் பழசு உள்ளேயே தங்கும். புதியதும் சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி, அந்த ஊர்க் குளிருக்கு எவ்வளவு என்று டப்பாவில் போட்டிருப்பதைப் படி, வெறும் குழாய்த் தண்ணீரைக் கலக்காதே. பழையதைச் சாக்கடையில் ஊற்றிவிடாதே, மூடி போட்ட கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குகிற ஒர்க் ஷாப்பில் கொடு. தரையில் சிந்தினதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு, உன் கையையும்தான். சுத்தமான பேசின் எதையும் எடுக்காதே, வேறு எதற்கும் உபயோகப்படாத ஒன்றைத் தேடி எடு.

எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், நீண்ட ஆயுளோடு, கை கால் சுகத்தோடு நீ இருக்க வேண்டும். அப்பா ஆசி சொல்லச் சொன்னார். உன் தங்கையிடம் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதாகச் சொல்லிவிட்டேன், இனிமேல் போனுக்கு வருவாள்.

ஒன்று மட்டும் மறக்காதே. பேசின் நிரம்பி இருக்கும்போது போன் அடித்தால் அடிக்கட்டும். நானாக இருந்தாலும் எடுக்காதே. கேனில் ஊற்றி, மூடி, கை கழுவிவிட்டுக் கூப்பிடு, அதுவரை நான் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா