நீலச் சட்டைகள்

என் வீட்டுத் தளபதிக்கு,

தொப்பை உட்பட முழுசாக இருக்கிறேன். ஜெயித்துவிட்டோம் என்கிறார்கள், எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

திட்டம் எளிது. உன் தம்பி ஹென்னிங்கின் பட்டாளம் எதிரிக்கு நேர் முன்னால் நின்று, பாய்வதுபோல் போக்குக் காட்டவேண்டும். நாங்கள் குன்றைச் சுற்றிப்போய் எதிரியின் விலாவில் அடிக்கவேண்டும்.

"என்ன அத்தான், கொல்லைப்பக்கமா நழுவுறீங்களா? அக்காவுக்கு எழுதட்டுமா?" என்று கத்தினான் அவன்.

"நீ சும்மா நின்னு வேஷம் கட்டுடா!" என்றேன்.

மூடுபனியில் எங்கே சுற்றினோமோ, திடீரென்று எதிரே நீலச் சட்டைகள். நம் பிரஷ்யப் படைக்கும் நீலம்; எதிரியோடு சேர்ந்த வூர்ட்டம்பெர்க் நாட்டுக்காரனுக்கும் நீலம்.

"கேப்டன், நம்மாளுங்க மாதிரி தெரியுதே?" என்றான் பக்கத்தில் நின்ற காஸ்பர்.

"நம்மாளு இங்க எப்படிடா வருவான்? சுடு!" என்றார் கேப்டன்.

சுட்டோம். நானும்தான்.

புகைக்குள்ளிருந்து பாட்டுக் கேட்டது. நாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடும் அதே பாட்டு. "வூர்ட்டம்பெர்க்காரனும் நம்ம சபைதான்யா, வேற எதைப் பாடுவான்?" என்றார் கேப்டன். நியாயம்தான். ஒருவன் மட்டும் கடைசி அடியில் எல்லோரையும் மீறிக் கத்தினான். கோயிலில் நீ உன் தம்பியைக் கிள்ளி அடக்குவாயே, அந்த மாதிரி. பிறகு அதுவும் நின்றது.

ஹென்னிங்கின் பட்டாளம் முன்னேறியது என்கிறான் ஒருவன், நகரவே இல்லை என்கிறான் இன்னொருவன்.

பாதிரியாரிடம் கேட்டு உடனே எழுது: வூர்ட்டம்பெர்க்கிலும் கடைசி அடியை அப்படிக் கத்துவார்களாமா? கத்துவார்கள் என்றே எழுது.

உன்
அசட்டுக் கணவன்