காப்புக் கட்டுக்கு முன்னால் வைஷ்ணவிக்கு லேசர்

ஆலங்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு உன் சித்தப்பா உடையப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், கடலைச் செடி உட்பட. ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். கருவிழியை லேசரால் சீவும் மெஷினை நீங்கள் இன்னும் துல்லியமாக்கியதாகச் சொன்னாய். எனக்கு இது புதுச் செய்தியே இல்லை. பூதக்கண்ணாடியில் வெயிலைக் குவித்து என் வேட்டியில் நீ ஓட்டை போட்ட அன்றே, இவன் வெளிச்சத்தை வைத்துத்தான் பிழைப்பான் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னேன், டீக்கடைப் பிச்சை சாட்சி.

உன் தங்கை வைஷ்ணவிக்கும் வெள்ளிக்கிழமை லேசர். கபடி ஆடுகிறவளுக்குக் கண்ணாடி ஆகாது, லென்ஸ் போட்டால் மண் விழுந்து கண் சிவக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை நம் வீட்டார் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, அதனால் நான்தான் அவசரமாக நாள் வாங்கினேன். திருச்சி ஆஸ்பத்திரியில் நான் பேசிய பேச்சுக்கு டாக்டரம்மாவே எழுந்து நின்றுவிட்டார். அந்த மெஷினையே கண்டுபிடித்தவன் என் மகன் என்று சொல்லிவைத்தேன். கருவிழியின் மேடு பள்ளத்தைக் கலர் கலராகப் படம் எடுத்தார்கள், அதன்படிதான் மெஷின் சீவுமாம். எடுக்கும் முன், லென்ஸைக் கழற்றி இரண்டு வாரமாவது ஆயிற்றா என்று கேட்டார். வைஷ்ணவி வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் ஒரு மாசம் ஆச்சுங்க" என்றேன். திரும்பும் பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உன்னிடம் ஒரு சந்தேகம். லென்ஸ் அழுத்தி அழுத்திக் கருவிழியின் வடிவம் மாறுமாமே, கழற்றிக் கொஞ்ச நாள் விட்டால்தான் பழையபடி ஆகுமாமே. படம் தப்பாக இருந்தால் உன் மெஷின் கண்டுபிடித்து நின்றுவிடுமா, இல்லை அப்படியே சீவிவிடுமா? சும்மாதான் கேட்கிறேன். நேற்றிலிருந்து கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

இன்று காலை அவள் காபியை வைத்துவிட்டு, "கண்ணு என்னோடது சித்தப்பா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள்.

அந்த ஒரு மாசம் நானாகச் சொன்னது. படம் எடுத்ததற்கு முதல் நாள் சாயங்காலம்கூட லென்ஸோடுதான் ஆடினாள். காப்புக் கட்டு, திருவிழா எல்லாம் முடியட்டும், புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். நாளை காலை டாக்டரம்மாவுக்கு நானே போன் போடுகிறேன். உனக்குத் தெரிந்துவிட்டால் என்னால் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் இதை போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

மாரியம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். மறக்காமல் நாளைக்குப் போன் செய். சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னால் நம்பாதே, வைஷ்ணவியைக் கேள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
உடையப்பன்