மூன்று நாள் கல்

அண்ணி,

இன்றைக்கு மத்தியானம் பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து மழை வந்தது. பூசாத சுவரில் மழை பட்டால் ஒரு வாசனை எழுமே, மண் வாசனை இல்லை, சிமெண்டும் கருங்கல் தூளும் சேர்ந்து மூச்சு விடுகிற வாசனை, அது வந்ததும் கையிலிருந்த டீயை மறந்து நின்றுவிட்டேன். டீ ஆறி, மேலே ஆடை கட்டிவிட்டது. நீ இருந்திருந்தால், "கனா கண்டுகினு நிக்கிறா பாரு மகாராணி" என்றிருப்பாய்.

என் எழுத்து அஞ்சாம் வகுப்போடு சரி. கொம்பும் காலும் இடம் மாறியிருந்தால் கண்டுகொள்ளாதே. நீ மட்டும் என்ன, கையெழுத்துப் போடச் சொன்னால் மைப்பெட்டியைத் தேடுகிற ஆள்தானே.

கவரப்பேட்டை தாண்டி நாம் வேலை பார்த்த ஹாலோ பிளாக் கம்பெனிக்கு இன்னமும் நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். நீ சிமெண்ட் கலக்கிய மிஷினில் இப்போது வேறு ஒருத்தி. உன்னைப் போல் அவளுக்குப் பாட வராது, அதுவரைக்கும் நிம்மதி. நான் அதே ஓஸ் பைப்போடு அதே கல்லுக்குத் தண்ணி காட்டுகிறேன். அச்சிலிருந்து எடுத்த கல்லை அடுக்கி, கல் இறுகுவதற்காகக் காலையும் சாயங்காலமும் நனைக்க வேண்டும். ஒரு நாள் நனைத்தால் அடுக்கின் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. ஏழு கோடு விழுந்தால் வண்டி ஏற்றலாம். படிக்காத நமக்கு அதுதானே காலண்டர்.

நீ வீடு கட்டிய அந்த ஐப்பசி உனக்கு நினைவிருக்காது. எனக்கு ஒவ்வொரு சொட்டும் நினைவிருக்கிறது. ஒரு பேய் மழை அடித்து, மூன்று அடுக்கின் கோடுகளையும் துடைத்துவிட்டுப் போனது. மறுநாள் முகம் கழுவிய பிள்ளைகள் மாதிரி மூன்றும் ஒன்றுபோல் நின்றன. அதில் ஒன்று மூன்றே நாள் ஆன கல். எது என்று எனக்குப் பிடிபடவில்லை. வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று மேஸ்திரி கத்துகிறார். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சாக்பீஸை எடுத்தேன், மூன்றுக்கும் ஏழேழு கோடு இழுத்துவிட்டேன்.

வண்டி மற்ற இரண்டு அடுக்கையும் ஏற்றிப் போன பிறகு, சாயங்காலம் நீ புடவையை உதறிக்கொண்டு வந்து நின்றாய். உன் வீட்டுக்குக் கிழக்குச் சுவர் மட்டும் பாக்கி. ஓர அடுக்கைத் தட்டிப் பார்த்து, "இதுல ஏழு கீது. எம் நாத்தனா தண்ணி காட்ன கல்லு, வேற இன்னா பாக்கணும்?" என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எடுத்துக்கோ அண்ணி, உன்ன மாதிரியே கல்லு. எங்கண்ணனே அசைக்க முடியாது." எல்லாரும் சிரித்தார்கள். நீதான் அதிகமாகச் சிரித்தாய்.

நீ குட்டியானை வண்டி கூப்பிடப் போன நேரத்தில் அந்த அடுக்கில் ஒரு கல்லை நகத்தால் கீறினேன். மாவாக உதிர்ந்தது. வண்டி வந்து, கல் ஏறி, புழுதி அடங்குகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலங்களை எப்படிச் சொல்வேன்? கம்பெனிக்கு லீவு. அண்ணன் லாரியோடு வடக்கே போயிருப்பார். நீயும் நானும் பாய் விரித்து, கால் நீட்டிப் படுத்திருப்போம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக் கூரையில் மழை கொட்டும். கிழக்குச் சுவர் மெதுவாகக் குடிக்கும். முதலில் ஒரு புள்ளி, பிறகு அது விரிந்து மேகமாகும், ஆடாகும், கழுத்து நீண்டு ஒட்டகமாகும். பகலா சாயங்காலமா என்று தெரியாத வெளிச்சம். அந்த அறையே ஏரியில் கயிறு அவிழ்த்துவிட்ட படகு மாதிரி எங்கோ போய்க்கொண்டிருக்கும்.

"அதோ பாருடி, ஆனை."

"ஆனை இல்ல அண்ணி, அது நீதான். இடுப்பப் பாரு."

வேர்க்கடலையை விட்டெறிவாய். பிறகு சுவரையே பார்த்துக்கொண்டு கேட்பாய்: "மத்த சொவுரு சும்மா கீது. இது மட்டும் இன்னாடி இப்டிக் குடிக்குது?"

"உன் ஊட்டுக்காரரு ஊர்ல இல்லியே, அவரு பங்க இது குடிக்குது."

நீ சிரித்து முடிப்பதற்குள் நான் கடலைத் தோலைப் பொறுக்க ஆரம்பித்திருப்பேன். அடுத்த மழைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த மழையும் வந்தது. போன மாசியில் மார் வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை.

சித்திரையில் உன் பொண்ணு செல்வி சீட்டைப் பிரித்துவிட்டு ரூஃப் போடப் போகிறேன் என்றாள். கட்டட மேஸ்திரி வந்து நூல் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். அத்தனை கான்கிரீட்டும் நாலு சுவர் மேல் உட்காரப் போகிறது. கிழக்குச் சுவரை ஒட்டித்தான் அவள் குழந்தைக்குத் தூளி கட்டியிருக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, அண்ணி.

குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"செல்வி, கெழக்குச் சொவுரு மேல ரூஃப ஒக்கார வெக்காதடி."

"ஏன் அத்த, அதுல பேய் கீதா?"

"கீது. நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது, அவள் குழாயை மூடவில்லை. நேராக வீட்டுக்குப் போனாள். சாவியால் சுவரைக் கீறினாள். தூள் கொட்டியது.

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லியிருந்தா உன்ன நல்லா நாலு திட்டு திட்டிட்டு, வேற கல்லு எடுத்துனு வந்திருக்கும். அவ்ளோதான அத்த?"

அவ்வளவுதான், அண்ணி. அத்தனை வருஷம் நான் பயந்தது அவ்வளவுதான்.

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கடப்பாறை வாங்கிக்கொண்டு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இடித்தோம். நாலு குத்தில் சுவர் போய்விட்டது. அறைக்குள் வெளிச்சம் வெள்ளமாக வந்தது. அங்கே ஒரு வேப்பமரம் நிற்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. புதுக் கல்லுக்கு நானே தண்ணி காட்டினேன். வைகாசியில் ரூஃப் போட்டார்கள். இன்றைய மழையில் போய்ப் பார்த்தேன். சுவர் உள்பக்கம் காய்ந்தே இருக்கிறது. குழந்தை தூங்குகிறது. எனக்குத்தான் பார்க்க ஆடும் இல்லை, ஒட்டகமும் இல்லை.

போன வாரம் ஒரு டிரைவர் அவசரமாக வந்தான். நான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தேன்; அடுக்கில் யாரும் கோடு போட்டிருக்கவில்லை.

"அக்கா, இது எத்தினி நாள் கல்லு?"

"தெரியல."

"தண்ணி காட்றவங்களுக்கே தெரியலியா? இன்னாக்கா பேஜாரு!"

"தெரியலனுதான் சொல்றேன். ஓரமா நில்லு, கேட்டுனு வரேன்."

மிஷின் பக்கம் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஊரையே கேலி செய்கிறவளைப் பார்த்துச் சிரிக்க வேறு எப்போது வாய்க்கும், சிரிக்கட்டும். நானும் சிரித்தேன்.

இப்போது தினம் ஒரு முறையாவது 'தெரியல' என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறேன், அண்ணி. வாயில் வெயிட்டே இல்லை. உன்னிடம் சொல்லியிருக்கலாம்.