ஒரே மென்பொருள், இரண்டு ஐகான்

ஜூலை 14, திங்கள். தூறல்.

நான் வேலை பார்க்கும் பிரிண்ட் கடைக் கம்ப்யூட்டரில் படம் திருத்தும் மென்பொருளுக்கு இரண்டு ஐகான். ஒரே பெயர். பழையது கட்டளை அடித்துப் போட்டது. லினக்ஸைப் புதுப்பித்ததிலிருந்து திறப்பதில்லை. மற்றது நான் ஆப் ஸ்டோரிலிருந்து போட்டது. திறக்கிறது, ஆனால் தன் ஃபோல்டரைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. பென் டிரைவ்கூடத் தெரியாது.

கடைக்கார மாதேஷ் அண்ணா: "முன்னெல்லாம் ஒரு வரி அடிச்சா முடிஞ்சுது. இப்ப ஒண்ணுக்கு மூணு வழி. கர்மா!"

பழனியம்மா அக்கா வந்தார். அவர் கணவர் போன வாரம் ஹெப்பாளில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். கணவரின் போன் இப்போது அக்காவிடம். அதில் அவர் இருக்கும் ஒரே ஒரு படம். தசரா பொருட்காட்சி, கையில் பெரிய அப்பளம், பாதிக் கன்னத்தை மறைக்கிறது.

"அப்பளத்த எடுத்துரு கண்ணு. சிரிப்பு இருக்கட்டும். வெள்ளிக்கெழம காரியம்."

தலையாட்டினேன். படத்தைப் போனிலிருந்து நேராக அந்த ஃபோல்டரில் போட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்.

அப்பளம் போய்விட்டது. கன்னம் வரைய அரை நாள். நன்றாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பிரிண்ட் போகவில்லை. ஸ்டோர் வழியில் போட்டதற்கு பிரிண்டரும் தெரியாதாம். நெட்டில் கேட்கலாம் என்றால் பயம். வகுப்பில் எழுந்து நிற்பது போல. பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டதே அதனால்தான்.

ஜூலை 16, புதன். மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது.

பழைய வழியில் மறுபடி போடப் பார்த்தேன். இடம் இல்லை. ஸ்டோர் மென்பொருளை நீக்கினால் இடம் வரும். நீக்கப் போனால், நகல் எடுத்துவைக்க இடம் இல்லை என்று நின்றது. நகல் இல்லாமலே நீக்க நெட்டில் யாரோ ஒரு வரி எழுதியிருந்தார். மென்பொருளின் நகல்தானே என்று அடித்தேன்.

பழையது வந்தது. திறந்தது. பிரிண்டர் தெரிந்தது.

படம் இல்லை. ஃபோல்டரே இல்லை.

பழைய வழியில் மென்பொருளை நீக்கினாலும் நம் படங்கள் இருக்கும். இதில் மென்பொருளும் படங்களும் ஒரே பெட்டி; நீக்கினால் எல்லாம் போகும்.

குப்பைத்தொட்டியில் தேடினேன். மறுபடியும். டிபன் டப்பாவைத் திறக்கவில்லை.

அக்காவிடம் இருக்கும் போனில் பழைய படம் இருக்கும். நாளை கேட்க வேண்டும்.

ஜூலை 17, வியாழன். வெயில்.

அக்கா கடை திறந்ததுமே வந்துவிட்டார். மடியில் கண்ணாடி போட்ட வெறும் ஃபிரேம். மாதேஷ் அண்ணாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "அவரு போனைக் கொழுந்தன் வாங்கிக்கிட்டானுங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டு அவன் சிம்மப் போட்டுக்கிட்டான். படம் இங்கதான் இருக்குதேன்னு நானும் குடுத்துட்டனுங்க."

அண்ணா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பிரிண்ட் ஆய்த்தா?"

படம் போனதைச் சொல்ல, எழுந்து போய் அக்கா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.