கால் நோவுக்குக் கைப்படம்

12.8.1998, இரவு

காலையில் சதுரங்கப்பட்டினத்தில் பஸ் ஏறும்போது என் மனைவி சரோஜாவின் தொடை எலும்பு முறிந்துவிட்டது. விழவில்லை, இடிக்கவில்லை. படியில் காலை வைத்தாள், அவ்வளவுதான்.

போன மாதமே செங்கல்பட்டு டாக்டர், கழுத்துச் சுரப்பி கெட்டு எலும்பை அரிக்கிறது, விரல் எலும்பில் தெரியும் என்று கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். "காலு நோவுதுன்னா கையப் படம் புடிச்சி இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டு அவளை அழைத்து வந்துவிட்டேன். அவரும் பொறுமையாக விளக்கவில்லை.

இன்று அதே டாக்டரின் ஆஸ்பத்திரியில் அதே கைப்படம். வலியில் மடங்கிய விரல்களை நான்தான் பிரித்துப் பிடித்தேன். எலும்பின் ஓரமெல்லாம் கறையான் தின்றது போலிருந்தது.

கழுத்தில் ஆபரேஷனாம். "கையெழுத்தப் போடுய்யா. இல்ல, இன்னொரு காலும் ஒடையட்டுமா?" என்றாள் சரோஜா.

போடாமல் வந்துவிட்டேன். காலையில் போய்ப் போட வேண்டும், அந்த டாக்டர் இல்லாத நேரமாகப் பார்த்து.