உப்பேரியில் நீ இறங்கிய நாள்

நேற்று வேலை முடிந்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். ஓரமெங்கும் வெள்ளைக் கோடு காய்ந்து கிடந்தது. ஸ்கார்பரோத் தெருக்களில் பனிக்கு எறிகிற உப்புத்தான். மாசி மாதத்தில் இந்த ஊரில் யாருடைய சப்பாத்தும் இப்படித்தான் இருக்கும். மனைவி ஈரத் துணியைக் கொண்டுவந்து நீட்டி, "என்னப்பா, அதையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உன் சப்பாத்தும் காற்சட்டையும் முழங்கால்வரை இப்படி வெளுத்திருந்த ஓர் ஆவணி மாதத்தை நான் அவளுக்கு முழுதாகச் சொன்னதில்லை. உனக்கே சொல்லிவிட்டால் கொஞ்சம் ஆறுமோ என்று இதை எழுதுகிறேன்.

ஒரே ட்றக்கை நீயும் நானும் நாலு வருடம் ஓட்டினோம். மிசிசாகாவில் ஏற்றிய சாமானை வன்கூவரில் இறக்குவோம். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் இருக்கிற சின்னக் கட்டிலில் படுத்திருப்பார். அதனால் இந்தப் பெரிய நாட்டை நாம் ஆளுக்குப் பாதியாகத்தான் பார்த்தோம். மலைகள் என் பங்கு. சஸ்கச்சுவான் சமவெளி எப்போதும் உன் பங்கு.

ஒரு வைகாசி மாதம், ட்றக் நின்ற அசைவில் எனக்கு விழிப்பு வந்தது. டயர் போய்விட்டதாக்கும் என்று இறங்கினேன். நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே வெள்ளை வெளேரென்று ஓர் ஏரி கிடந்தது. பனியாக்கும் என்று நினைத்துக் குனிந்து தொட்டேன், உப்பு. நீ கரையில் நின்றாய். உனக்கு முன்னால், சேறும் தண்ணீரும் சேருகிற விளிம்பில், எண்ண முடியாத அளவுக்குச் சின்னச் சின்ன உள்ளான் குருவிகள் ஓடியோடிக் கொத்திக்கொண்டிருந்தன. தலை நிமிர்த்தக்கூட அவற்றுக்கு நேரமில்லை.

பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண் தொலைநோக்கியை முக்காலியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ஹெலன், ஏரிக்கு அப்பால் கோதுமைப் பண்ணை வைத்திருப்பவள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. தன் தொலைநோக்கியை உனக்கு விட்டுக்கொடுத்து அவள் விளக்கினாள். இந்த ஏரிக்குள் தண்ணீர் வரும், வெளியே போக வழியில்லை. வெயிலில் வற்றி வற்றி உப்பாகிவிடும். மீன் வாழாது. ஆனால் பொட்டுப்போல ஒரு வகை இறால் வாழும். தென்னமெரிக்காவிலிருந்து வருகிற இந்தக் குருவிகள் இங்கே சில நாள் தங்கி, அந்த இறாலைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் வடதுருவப் பக்கம் பறக்கும். அங்கேதான் முட்டையிடும். இந்த ஏரி ஒரு வருடம் ஏமாற்றினால், போய்ச் சேர அவற்றுக்குப் பலம் இருக்காது.

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் நீ அங்கே கால் மணித்தியாலம் நிறுத்தினாய். நான் புறுபுறுத்தேன். எனக்கு அது மணக்கிற சேறு, அவ்வளவுதான். நீயோ ஒரு கொப்பி வாங்கி, எந்தக் குருவி எந்தக் கிழமை வந்தது என்று எழுதத் தொடங்கினாய். ஹெலனும் நம்முடைய ட்றக்கைக் கண்டால் கையசைப்பாள்.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இரண்டு மாதம் உனக்கு ஒரு செய்தியும் இல்லை. பிறகு உன் தங்கையின் கடிதம் வந்தது. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியதும் சனநெரிசலில் அம்மா றோட்டோரத்தில் இருந்தவர் எழும்பவேயில்லை என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை நீ எனக்கு வாசிக்கத் தந்தாய். நான் உன் தோளில் கை வைத்தேன். அடுத்த நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னேன். நீ வந்தாய். அதன் பிறகு அதைப்பற்றி நாம் கதைக்கவில்லை. கேட்டால் உனக்கு நோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குத்தான் பயம்.

அடுத்த ஆவணி கடும் வெயில். ஏரி பாதியாகச் சுருங்கியிருந்தது. தூரத்திலேயே நாற்றம் அடித்தது. கரை நெடுகக் காட்டுத் தாராக்கள், வாத்துகள்தான், செத்துக் கிடந்தன. சில இன்னும் சாகவில்லை. கால் இழுபட, சிறகு தொங்க, கழுத்தை நிமிர்த்த முடியாமல் தலை தண்ணீருக்குள் விழுந்து அப்படியே மூழ்கின. வடக்கிலிருந்து திரும்பி வந்த உள்ளான்கள் அந்தப் பிணங்களுக்கு நடுவே இரை தேடின. முகத்தில் துணி கட்டிய ஹெலனும் இன்னும் மூன்று பேரும் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சேற்றில் உண்டாகிற நஞ்சு என்றாள். செத்ததில் புழு வைக்கும், அந்தப் புழுவைத் தின்கிறது அடுத்ததாகச் சாகும். உடனே எடுத்து எரிக்காவிட்டால் ஏரி முழுவதும் பரவிவிடும், ஆள் போதாது என்றாள்.

நீ ட்றக்குக்குத் திரும்பி வந்து உன் பையை எடுத்தாய்.

"நீ போ மச்சான். திரும்பி வரேக்க என்னை ஏத்து."

உனக்கு விசரா என்று கேட்டேன். சாமான் நாளைக்குப் போய்ச் சேரவேண்டும், வேலை போய்விடும், செத்த தாராவுக்காக ஆராவது இப்படிச் செய்வானா என்று கத்தினேன். நீ சத்தம் போடவில்லை.

"அம்மாவை ஆரோ தெரியாத ஆக்கள்தான் எடுத்தவை," என்றாய். "நான் இருந்து எடுக்கேல்ல."

ஏரிப் பக்கம் இறங்கி நடந்தாய். நான் அந்த இடத்தில் ட்றக்கை நிறுத்திவிட்டு உன்னோடு இறங்கியிருக்கலாம். ஒரு மணித்தியாலமாவது ஒரு சாக்கைப் பிடித்திருக்கலாம். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் புறப்பட்டேன்.

அன்று பின்னேரம் கல்கரியில் எண்ணெய் அடிக்க நின்றபோது, கம்பனியில் ட்றக்குகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிறவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். சாமான் ஏன் பிந்துகிறது என்று கேட்டான். உனக்குச் சுகமில்லை, ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். என் கோபம் இன்னும் தணியவில்லை. நீ உன்பாட்டில் இறங்கிவிட்டாய் என்று சொன்னேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தபோது, ஹெலனின் பண்ணை வாசலில் நீ காத்திருந்தாய். முகம் கறுத்து, கை முழுக்கக் கீறல். சப்பாத்து உப்பில் வெளுத்திருந்தது. ட்றக்கில் ஏறி, எத்தனை சாக்கு என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, படுக்கப் போனாய். நல்ல தண்ணீர் பருக்கியதில் ஒன்பது தாரா பிழைத்துப் பறந்ததை மட்டும் மனித்தோபா கழிந்த பிறகு சொன்னாய்.

ரொறன்ரோவுக்கு வந்த மறுநாளே உன்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான்தான் சொன்னேன் என்று வோபர்னில் நீ குடியிருந்த பேஸ்மென்ற் அறைக்கே வந்து ஒப்புக்கொண்டேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தாய். "நீ பொய் சொல்லேல்லத்தானே," என்றாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இல்லாதபடியால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

பிக்கரிங்கில் ஒரு பண்டகசாலையில் உனக்கு வேலை கிடைத்தது. நான் வேறொருவனோடு ஓடினேன். பிறகு தனியே ஓடினேன். நாம் சந்திப்பது குறைந்தது. போன வருடம் தை மாதம், காலை ரயிலுக்கு நின்ற இடத்தில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். வினிப்பெக்கில் நின்ற எனக்கு மனைவி செய்தி அனுப்பினாள். முன்பின் தெரியாத பயணிகள்தான் உன்னைத் தூக்கி நிலையத்துக்குள்ளே கொண்டுபோனார்களாம். ஒருவர் தன் கோட்டைக் கழற்றி உன்மேல் போர்த்தியிருக்கிறார். அவர் யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. நான் உன் செத்த வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், பெட்டியைத் தூக்கினவர்களில் ஒருவனாக நின்றேன். அது எனக்குப் போதவில்லை.

அதே வருடம் வைகாசியில் தனியே போனபோது, வாழ்க்கையில் முதல்முறையாக நானாகவே அந்த ஏரிக்கரையில் நிறுத்தினேன். மழை நன்றாகப் பெய்திருந்த வருடம். தண்ணீர் நிறைந்து கிடந்தது. உள்ளான்கள் வந்திருந்தன. ஹெலன் தொலைநோக்கியோடு நின்றாள். இன்னும் தளர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் என் முதுகுக்குப் பின்னால் ட்றக்கைப் பார்த்து, "உன் சிநேகிதன் எங்கே?" என்று கேட்டாள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை. பின்னால் படுத்திருக்கிறான், இரவு முழுக்க ஓட்டினவன் என்றேன்.

படுக்கட்டும் என்றாள். பிறகு, உன்னிடம் சொல்லச் சொல்லி, அந்த வாரம் எந்தெந்தக் குருவி வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். உனக்கு நித்திரை குழம்பக் கூடாதென்று அவள் குரலை மிகவும் தாழ்த்தியிருந்தாள். நானும் தாழ்த்தியே பதில் சொன்னேன்.