ஏழடி குறைகிறது

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நீதான் எழுதுவதே இல்லையே. போனில் பேசலாமே என்பாய். போனை எடுத்தாலே அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம் இல்லை. இருந்தாலும் அவர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பம் வந்துவிட்டது. இரண்டு பாடங்கள் கேட்கலாம். நான் கட்டடக்கலையும் ஒலியியலும் போடுகிறேன். சிக்கல் என்னவென்றால், ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று எழுதும் பக்கம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு துறைக்காரர்களும் அதையேதான் படிப்பார்கள். நூலகத்து அம்மாவிடம் சொன்னேன். "ஒரே பொண்ண ரெண்டு வீட்டுக்குக் காட்டுற மாதிரிடி இது," என்று சிரித்தார். "எந்தப் பாடத்தோட பேரும் வராம எழுது. படிக்கிறவங்க ரெண்டு பேருக்கும் நம்ம வீட்டுக்கு வரத்தான் பொறந்திருக்கான்னு தோணணும்."

அதற்கு ஏற்ற உதாரணம் நம் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. போன வாரம் பழகிப் பார்க்கலாம் என்று வீட்டை டேப் பிடித்து அளந்தேன். வெளியே நாற்பத்தோரு அடி நீளம். உள்ளே அறைகளையும் சுவர்களின் கனத்தையும் கூட்டினால் முப்பத்து நான்கு. மூன்று தடவை அளந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் நூல் பிடித்துக் கட்டுகிற கொத்தனாரான நம் அப்பா சொந்த வீட்டில் ஏழடியைத் தொலைத்திருக்கிறார்! நடைவழியின் கடைசிச் சுவருக்கு எதிரே நின்று கைதட்டினால், சத்தம் செங்கல்லில் பட்டுத் திரும்புகிற மாதிரி இல்லை. உள்ளே போய்விட்டு வருகிற மாதிரி இருக்கிறது. கட்டடக்காரருக்கு அளவு, ஒலிக்காரருக்குக் கைதட்டல். இரண்டுக்கும் ஒரே சுவர்.

வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் தொழிற்சாலையில் பழுதான சட்டைகளைத் தள்ளுகிற மாதிரி ஒரே பார்வையில் தள்ளிவிடாதே. பிப்ரவரி பதினைந்து கடைசி நாள்.

உன்
எலி

*

ஜனவரி 15

என் எலிக்கு,

உன் பக்கத்தை மதிய இடைவேளையில் படித்தேன். பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "என்னடி, யாரு எழுதினது? மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?" என்றாள். தங்கச்சிக்குக் காலேஜ் என்றேன். "அதுக்கா?" என்று சிரித்தாள்.

முதல் பத்தி நன்றாக இருக்கிறது. இரண்டாம் பத்தியில் 'ஆர்வம்' என்று நான்கு இடத்தில் வருகிறது. மூன்றைப் பிரித்து எடு. மூன்றாவது பத்தி வேண்டாம். நடைவழியை முழுசாக எடுத்துவிடு. பழைய வீடு, மூலைகள் நேராக இருக்காது, கூட்டலில் தவறியிருப்பாய். ஆற்றுப் பாலத்தைப் பற்றி எழுதேன். பாலத்திலும் அளவு உண்டு, சத்தம் உண்டு. படிக்கிறவர்களுக்கும் வெளிச்சமாக, காற்றோட்டமாக இருக்கும்.

அப்பாவிடம் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்காதே. முழங்கால் வலியோடு இருக்கிற மனிதர்.

பதிலில் ஒன்று மட்டும் சொல். எத்தனை முறை தட்டினாய்?

அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு முறை. எப்போதும் இரண்டுதான் தட்டுவேன், ஏனென்று தெரியாது. மூன்று வரும். முதல் இரண்டும் உடனே. மூன்றாவது கொஞ்சம் பொறுத்து. நான் இதை வரைவில் எழுதவே இல்லையே, நீ எப்படிக் கேட்டாய்?

பாலத்தைப் பற்றி எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வந்தது. கிழித்துவிட்டு நடைவழிக்கே திரும்பினேன். இந்தத் தடவை நூலகத்து அம்மா சொன்னபடி கண்டிப்பாகச் செய்தேன். கட்டடத்துக்கு மட்டும் உரிய சொற்களை ஒரு நிறத்தில் அடித்தேன். ஒலிக்கு மட்டும் உரியவற்றை இன்னொரு நிறத்தில். மிச்சம் இருந்ததை அப்படியே தருகிறேன்: "அங்கே இடம் இருக்கிறது. அங்கிருந்து பதில் வருகிறது. நான் தினமும் எதிரே நிற்கிறேன். எனக்கு அது பழக்கமானது."

நான் எழுதியதுதான். ஆனால் தனியாகப் படித்தபோது வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

கோபித்துக்கொள்ளாதே, அப்பாவிடம் கேட்டுவிட்டேன். காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"நடைவழிக் கடைசில என்னப்பா இருக்கு?"

"சுவரு."

"சுவருக்கு அந்தப் பக்கம்?"

"சுவருக்கு ஏதும்மா அந்தப் பக்கம்?" என்றார். வாழ்நாள் முழுக்கச் சுவர் எழுப்பின மனிதர் சொல்கிற பேச்சா இது? அதற்குப் பிறகு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். காபி ஆறிப்போய் ஆடை படிந்துவிட்டது.

உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இந்தப் பக்கத்தை என்னால் முடிக்க முடியாது. முடிக்காவிட்டால் இன்னொரு வருஷம் இந்த நடைவழியில்தான்.

எலி

*

பிப்ரவரி 5

எலி,

சரி, கேட்டுக்கொள். அது அம்மாவின் அறை.

உன்னிடம் சொல்லிவைத்த மாதிரி அம்மா ஆஸ்பத்திரியில் சாகவில்லை. கடைசி எட்டு மாதம் அந்த அறையில்தான் படுத்திருந்தாள். தொண்டையில் நோய்; குரல் போய்விட்டது. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கைதட்டுவாள். உனக்கு அப்போது இரண்டு வயது. உனக்கும் அவளுக்கும் அது விளையாட்டாகிவிட்டது. வாசற்படியில் நின்று நீ இரண்டு தட்டுவாய். அவள் உன்னைக் கொஞ்ச நேரம் காக்கவைத்துவிட்டு மூன்றாவதைத் தட்டுவாள். நீ கீழே விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அவள் போன பிறகும் நீ நிறுத்தவில்லை. தினமும் சாயங்காலம் போய் நின்று இரண்டு தட்டுவாய். காத்திருப்பாய். பிறகு சிரிப்பாய். அந்தச் சிரிப்புதான், எலி. பதில் வராமல் ஒரு குழந்தை அப்படிச் சிரிக்காது.

குழந்தை பயப்படுகிறாள் என்று சொல்லி அப்பா ஒரு வார வேலையில் கதவை எடுத்துவிட்டுச் சுவர் வைத்தார். வெளியே ஜன்னலையும் அடைத்துப் பூசினார். நான்தான் சாந்துக்குத் தண்ணீர் தூக்கினேன். எனக்குப் பதினோரு வயது. நீ ஈரச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பாய். சுவரோடு ஒட்டிக் கிடந்ததால்தான் உனக்கு எலி என்று பெயர். நாங்கள் யாரும் செல்லமாக வைத்த பெயர் இல்லை அது.

பக்கத்தை உன் இஷ்டப்படி அனுப்பு. இனிமேல் தட்டாதே.

அக்கா

*

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

இதை விடுதியிலிருந்து எழுதுகிறேன். இடம் கிடைத்ததைப் போனில் சொன்னபோது நீ அழுதாயா, இருமினாயா என்று தெரியவில்லை. அப்பாவுக்குத் துணையாக வீட்டுக்கு வரச் சம்மதித்தாயே, ஆறு வருஷத்துக்குப் பிறகு, அதற்கு எப்படி நன்றி சொல்வது?

நேர்முகத்தைப் பற்றிப் போனில் சொல்ல முடியவில்லை. இரண்டு பேராசிரியர்கள் ஒரே மேசையில், கையில் என் நடைவழிப் பக்கத்தின் பிரதி ஆளுக்கொன்று. கட்டடக்காரர் கேட்டார், "சுவர ஒடச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"எங்கப்பா கட்டினது."

அவர் பேனாவை மூடி வைத்தார். பக்கத்தில் இருந்த ஒலியியல் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மூணாவது சத்தம் எவ்வளவு நேரம் கழிச்சு வருது?" என்றார்.

நான் யோசிக்காமல், "ஒருத்தர் நம்மளப் பாத்துட்டுத் தட்டுற நேரம்," என்று சொல்லிவிட்டேன். போச்சு, பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன். இரண்டு துறையிலும் இடம் கொடுத்தார்கள். ஒலியியலை எடுத்துக்கொண்டேன். சுவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நம் வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

இங்கே என் அறை மூன்றாவது மாடியில். புதுக் கட்டடம், நாலு பக்கமும் வெளிச்சம். இரண்டு கட்டில். கூட இருக்க வேண்டிய பெண் இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் தனியாக இருக்கிற மாதிரி இல்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

நீ சொன்ன பிறகு நான் தட்டவே இல்லை, சத்தியமாக. கிளம்புகிற அன்று பெட்டியோடு நடைவழியில் கொஞ்ச நேரம் நின்றேன். "நான் போறேன், நீயும் வரியா?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான்.

அப்பாவுக்குக் காபியில் சர்க்கரை பாதி போடு. அவர் முழுசு கேட்பார்.

உன்
எலி

*

ஜூலை 21

என் எலிக்கு,

வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. அப்பா இளைத்துவிட்டார். சர்க்கரை முழுசுதான் போடுகிறேன், உன் சட்டமெல்லாம் செல்லாது.

ஒன்றை நான் பிப்ரவரியில் மாற்றி எழுதினேன். குழந்தை பயப்படுகிறாள் என்று சொன்னது அப்பா இல்லை. நான். நீ பயப்படவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா போன பிறகு நானும் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சீருடைகூட மாற்றாமல், அந்த வாசற்படியில் நின்று தட்டினேன். இரண்டு தட்டுவேன். இரண்டுதான் வரும். காத்திருப்பேன். பிறகு நீ தத்தித் தத்தி வந்து தட்டுவாய், எனக்குப் பின்னால் நின்றே சிரிப்பாய். நாற்பது நாள் பொறுத்தேன். அதற்கப்புறம் அப்பாவிடம் போய், "பாப்பா அந்த ரூமப் பாத்து அழறாப்பா" என்றேன். மறுநாள் செங்கல் வந்தது. ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் சந்தோஷமாகத்தான் தூக்கினேன். ஆறு வருஷமாக இந்தப் பக்கம் வராததற்கு வேலை ஒரு காரணமே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அப்பா தூங்குகிறார் என்று நினைத்து நடைவழிக்குப் போனேன். தட்டினேன். இரண்டு வந்தது. உன் கடிதத்தில் இருந்த மாதிரி உள்ளே போய் வரவில்லை. செங்கல்லில் பட்டு மொட்டையாக விழுந்தது. டேப்பை எடுத்து அளந்தும் பார்த்தேன். ஏழடி அப்படியேதான் குறைகிறது. இடம் இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

முன்னறையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "போயிட்டாளா?"

"பாப்பா போயி மூணு வாரம் ஆகுதேப்பா," என்றேன்.

"நான் பாப்பாவக் கேக்கல," என்றார்.

எலி, உன் பக்கத்துக் கட்டிலுக்கு ஆள் வந்துவிட்டாளா? வரவில்லை என்றால், தட்டாதே என்று நான் சொன்னதை மறந்துவிடு. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு தட்டு. அது உனக்கு. உனக்கு எத்தனை வரும் என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டாம். அதன் பிறகு, "இது அக்காவோடது" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு தட்டு. கொஞ்சம் கூடவே காத்திரு. அம்மாவுக்கு என் மேல் கோபம் இருக்கும்.

அதற்கு எத்தனை வந்தது என்று மட்டும் எழுது. எனக்காகக் கூட்டிச் சொல்லாதே.

அக்கா